மூக்கு வித்வான்

மார்கழிக் கச்சேரியில் முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, பார்த்திருப்பீர்கள். பாடகர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து இருக்கைக்காரரிடம் ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். தாளத்தைத் தன் தொடையில் போடுவார், உணர்ச்சி மிகுந்தால் அடுத்தவர் தொடையிலும். அந்த மனிதருக்கு ஸ்காட்லாந்தில் ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார். காதுக்குப் பதில் மூக்கு. மற்றபடி அதே அச்சு.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் என்றொரு துறைமுக ஊர். கோடையில் அங்கிருந்து பாய்மரப் படகுகள் தீவுகளைச் சுற்றக் கிளம்பும். முன்பின் தெரியாத பத்துப் பேர் ஆளுக்கொரு படுக்கைக்குப் பணம் கட்டி ஏறிக்கொள்ளலாம். பயணிகளே பாயை ஏற்ற வேண்டும், கயிறு இழுக்க வேண்டும், பாத்திரமும் துடைக்க வேண்டும். கூலியாக வழியெல்லாம் விஸ்கி டிஸ்டிலரிகளைப் பார்க்கலாம். இரவில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசலாம். லண்டனில் இருக்கும் என் நண்பன்தான் இரண்டு படுக்கை பதிவு செய்தான். கடைசி வாரத்தில் காலை வாரிவிட்டான். அவனுக்குப் பதிலாக என் அறைக்கு வந்து சேர்ந்தவர்தான் மூக்கு வித்வான்.

அறை என்று சொன்னது மரியாதைக்காக. ரயில் பெர்த் இரண்டை ஒரு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும்? அப்படி. வித்வான் மேல் பெர்த்தில் ஒரு சின்ன மெத்தைப் பையை வைத்தார். அதிலிருந்து துலிப் பூ மொட்டு மாதிரி வாய் குறுகிய ஒரு கண்ணாடிக் கோப்பை, மருந்துக்கடைச் சொட்டுக்குழாய் ஒன்று, தோல் அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வரிசையாக வெளியே வந்தன. பிறகு காற்றை இரண்டு முறை இழுத்தார்.

"தேங்காய் எண்ணெய். அப்புறம் எலுமிச்சை, உப்பில் ஊறியது. அப்புறம்..." கண்ணை மூடினார். "ஏதோ ஒரு தைலம். கற்பூரம் உண்டு."

மூன்றும் என் பைக்குள் மூடிய புட்டிகளில் இருந்தன. சிங்கப்பூர் அத்தை கொடுத்த கோடாலித் தைலத்தை எடுத்துக் காட்டினேன். பாம்பாட்டி கூடையைத் திறந்ததுபோல ஒரு அடி பின்வாங்கினார். அதற்கு மேல் பின்வாங்க அந்த அறையில் இடம் இல்லை.

"தவறாக நினைக்காதீர்கள். இந்த வாரம் முழுக்க அது திறக்கப்படாது என்று நம்பலாமா?"

நம்பினார். அன்றிரவே சமையல்காரப் பையனிடம் போய், மறுநாள் டிஸ்டிலரி இருப்பதால் பூண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வாசனைச் சோப்பு யாரும் போட வேண்டாம் என்றும் வேண்டுகோள் பிறந்தது. பகலெல்லாம் இவ்வளவு நுட்பமாக உழைத்த மூக்கு ராத்திரியில் என் தலைக்கு இரண்டடி மேலே தனி ஆவர்த்தனம் வாசித்தது. அதற்கு யாரிடம் வேண்டுகோள் வைப்பது?

ஓபன் ஊரின் டிஸ்டிலரி 1794இல் தொடங்கியது. செப்புக் கொப்பரை இரண்டே இரண்டு. சுற்றிக் காட்ட வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பார்லியை நனைத்து முளைகட்டுகிறார்கள் என்று ஆரம்பித்தாள். "பிறகு சூளையில் உலர்த்தி அரைத்து வெந்நீரில் கரைக்கிறார்கள்" என்றார் வித்வான். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, என்றாள். "கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சி, முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் இறங்குவதை மட்டும் பிடித்து" என்று முடித்தார். ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு கிடந்தால்தான் சட்டப்படி அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். இதுவும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த மூன்று ஆண்டிலும் அதற்குப் பிறகும் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் மரத்தின் வழியாகக் காற்றோடு போய்விடும், அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் என்று அந்தப் பெண் ரகசியம் போலச் சொல்ல வாயெடுத்தாள். அதையும் வித்வானே சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டாள். வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருவார் போலும்.

நம் ஊரில் மூக்கு முட்டக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கோடு நிறுத்திக்கொள்பவரை அங்கேதான் பார்த்தேன். கோப்பையைச் சாய்ப்பார். ஒரு நாசியால் முகருவார். மறு நாசிக்கும் வாய்ப்புக் கொடுப்பார். சொட்டுக்குழாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருவார். நோட்டில் எழுதுவார். நானோ மூக்கைப் பொத்திக்கொண்டு கஷாயம் குடிக்கப் பழகிய பரம்பரை. அவர் முதல் நாசியை முடிப்பதற்குள் என் கோப்பை காலி.

முதல் இரவு எங்கள் ஸ்கிப்பர் அம்மா ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் கோப்பையை உயர்த்தினார். "ஸ்லாஞ்ச வா!" உடல்நலம் சிறக்கட்டும் என்று பொருள். 'வா' என்றால் எங்கள் மொழியில் ஒருவரை உள்ளே அழைப்பது என்றேன். "அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பொருந்துகிறது" என்றார். வித்வான் மட்டும் அந்த 'வா'வின் உச்சரிப்பைத் திருத்தினார். உச்சரிப்பு அவருடைய இரண்டாவது துறை. இஸ்லே என்று எழுதியிருந்தால் ஐலா என்று படிக்க வேண்டும். அங்கே ஒரு டிஸ்டிலரியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'புன்னஹப்ஹெயின்' என்று வரும். சொல்ல வேண்டியதோ ஏறக்குறைய 'பூனஹாவன்'. ஐந்து நாளும் எங்களைச் சொல்லவைத்துப் பழக்கினார். பழிக்குப் பழியாக வாழைப்பழம் சொல்லச் சொன்னேன். தன் துறை மூக்கு, நாக்கு அல்ல என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஜூராத் தீவுக்கும் ஸ்கார்பா தீவுக்கும் நடுவே கோரிவ்ரெக்கன் என்ற பெரிய நீர்ச்சுழல் இருக்கிறது. ஜூராவின் வடகோடியில் பார்ன்ஹில் என்ற வீட்டில்தான் ஜார்ஜ் ஆர்வெல் '1984' நாவலை எழுதினார். 1947 ஆகஸ்டில் சிறு படகில் குடும்பத்தாரோடு திரும்பும்போது இந்தச் சுழல் அருகே அகப்பட்டு, எஞ்சின் கழன்று கடலில் விழுந்து, படகு கவிழ்ந்து, ஒரு பாறைத் தீவில் ஒதுங்கி உயிர் தப்பினார். ஸ்கிப்பர் அம்மா சுக்கானைப் பிடித்தபடி தூரத்து வெண்நுரையைக் காட்டி இதைச் சொன்னபோது எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

"கோரிவ்ரெக்கன்" என்றார் வித்வான் கனவில் பேசுவதுபோல. "57.1 சதவீதம்."

அந்தப் பெயரில் ஆர்ட்பெக் டிஸ்டிலரி ஒரு விஸ்கி போடுகிறதாம். அதன் சாராய அளவாம். ஆர்வெல் பிழைத்தாரா என்று அவர் கேட்கவே இல்லை.

கயிறு இழுக்கும் வேலை வரும்போது மட்டும் வித்வானுக்கு நோட்டில் ஏதாவது விட்டுப்போயிருக்கும். யார்க்ஷயரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா எழுபதைத் தாண்டியவர். உள்ளங்கையில் துப்பிக்கொண்டு பெரிய பாயை ஏற்றுவார். "உங்கள் மூக்கைக் கொஞ்சம் காற்று வரும் பக்கம் திருப்புங்களேன், வேகம் கூடும்" என்பார்.

ஐலாவின் தென்கரையில் போர்ட் எலன் ஊரிலிருந்து ஒரு நடைபாதை போகிறது. ஐந்து கிலோமீட்டருக்குள் லஃப்ரொய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்று மூன்று டிஸ்டிலரிகள், நம் ஊரில் ஒரே சாலையில் மூன்று கோயில் கோபுரம் தெரிவதுபோல. மூன்றும் 1815, 1816 வாக்கில் பிறந்தவை. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டு மட்கி இறுகிய புல்பூண்டுக்குப் பீட் என்று பெயர். அதைச் செங்கல் செங்கல்லாக வெட்டிக் காயவைத்து, வறட்டி எரிப்பதுபோல எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். அந்தப் புகைதான் பீப்பாயில் பத்து வருடம் தூங்கி எழுந்து நம் முகத்தில் அறைகிறது.

லஃப்ரொய்க்கை வாயில் விட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை நான் குடித்ததில்லை, ஆனால் தெரியும். எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறை! முழங்காலில் டிஞ்சர் வைத்தபோது நான் போட்ட கூச்சல் முதற்கொண்டு திரும்பி வந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

"அயோடின், கடற்பாசி, தார், பின்னால் லேசாக வெனிலா" என்று அறிவித்தார் வித்வான். எல்லோரும் தலையாட்டினோம். ஆஸ்பத்திரி என்று நான் முனகியதற்கு, "அது ஆரம்பநிலைக் குறிப்பு" என்றார் பெருந்தன்மையாக. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் இதே சரக்கு இந்த வாசனையால்தான் மருந்து என்ற பெயரில் உள்ளே போனது என்று வழிகாட்டி சொன்னபிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அதற்குள் நோட்டு மூடப்பட்டுவிட்டது.

நாலாம் நாளுக்குள் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு வித்வான் முகத்தைப் பார்ப்போம். அவர் சொன்ன பிறகு குடிப்போம். கோனார் நோட்ஸ் கையில் இருக்கும்போது பாடப் புத்தகத்தை யார் திறப்பார்கள்?

அன்று ஐலாவுக்கும் ஜூராவுக்கும் இடையிலான ஜலசந்தியில் எதிர்க்காற்று. அலை தளத்தின்மேல் வாரி அடித்தது. எல்லோரும் கீழே போனோம். வித்வான் மட்டும் போகவில்லை. ஐலா விஸ்கியில் வரும் உப்பு கடற்காற்றிலிருந்து வருகிறதா இல்லையா என்பதை அவர் நேரில் விசாரிக்க வேண்டியிருந்தது. மூன்று மணிநேரம் முன்தளத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார். இறங்கி வந்து மேஜையில் உட்கார்ந்தவர் ஒரு தும்மல் போட்டார். படகே ஒருமுறை குலுங்கியது.

மறுநாள் பூனஹாவன். ஐந்து நாளாகப் பெயர் சொல்லப் பழகி, கடைசியில் நேரில் வந்து சேர்ந்தோம். கோப்பை வந்தது. வழக்கம்போல எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். இடது நாசி, வலது நாசி, சொட்டுத் தண்ணீர், மறுபடி இடது. தேர்வறையில் வினாத்தாள் கொடுத்தபின் படித்ததெல்லாம் மறந்த பையன் முகம்.

"ஒன்றுமே வரவில்லை" என்றார். மூக்கு அடைத்திருந்ததால் அது 'ஒண்டுபே வரவில்லை' என்று கேட்டது. "இனிப்பு இருக்கிறது. எரிகிறது. அவ்வளவுதான்."

மூக்கு அடைத்தால் நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று அடிப்படைச் சுவைகள்தான் மிஞ்சும்; மற்ற ருசியெல்லாம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கில் நடக்கும் வேலை என்று நர்ஸ் அம்மா விளக்கினார். முதல்முறையாக அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடவில்லை.

அன்றிரவு மேல் பெர்த்தில் கச்சேரி இல்லை. பெருமூச்சு மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, "அந்தத் தைலம் இன்னும் இருக்கிறதா?" என்று குரல் இறங்கி வந்தது.

சமையல்காரப் பையனை எழுப்பிக் கொதிக்கக் கொதிக்க ஒரு பாத்திரம் வெந்நீர் வாங்கினேன். கோடாலித் தைலம் நாலு சொட்டு. வித்வானை மேஜை முன் உட்காரவைத்துத் தலைக்குமேல் கம்பளியைப் போர்த்தினேன். சத்தம் கேட்டு நர்ஸ் அம்மா வந்தார், பிறகு ஸ்கிப்பர் அம்மா, பிறகு எல்லோரும். கம்பளியின் இடுக்கில் ஆவி கசிந்தது. இதற்கு எங்கள் ஊரில் ஆவி பிடிப்பது என்று பெயர், ஆவி என்றால் நீராவி, உயிர், பேய் மூன்றும்தான் என்றேன்.

"நாங்கள் மட்டும் என்ன செய்கிறோம்?" என்றார் ஸ்கிப்பர் அம்மா. "செப்புப் பாத்திரத்தில் ஆவி பிடித்துப் பீப்பாயில் போடுகிறோம். விஸ்கிக்குக் கேலிக்கில் உயிர்நீர் என்றுதான் பெயர்." கம்பளிக்குள்ளிருந்து ஏதோ திருத்தம் வந்தது. யாருக்கும் புரியவில்லை.

கடைசி இரவு மல் தீவின் டோபர்மோரியில் படகைக் கட்டினோம். கரையோரம் முழுக்க மஞ்சள், சிவப்பு, நீலமாக வீடுகள். ஆளாளுக்கு வாங்கியிருந்த சின்னப் புட்டிகள் மேஜைக்கு வந்தன. வித்வான் தன் கோப்பையை முகரவில்லை. கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"சொல்லுங்களேன். எப்படி இருக்கிறது?"

யாரும் பேசவில்லை. ஒரு வாரமாக யாரும் எங்களைக் கேட்டதில்லையே. பிறகு எங்களில் ஒருவரான டச்சுக்காரர் மெதுவாக, தன் அப்பா படகுக்குத் தார் பூசிவிட்டு வந்து தலையைத் தடவும் கை என்றார். நர்ஸ் அம்மாவுக்கு ராத்திரி டியூட்டி, விடியற்காலை மூன்று மணிக்குக் கழுவிவிட்ட வராந்தா. ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் ஆறு நாளில் ஆறு வார்த்தை பேசியவர். செத்துப்போன தன் நாய் மழையில் நனைந்து வந்து அடுப்பருகே படுக்கும் வாசனை என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் அந்த நாயைப் பற்றியே பேசினார். நான் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலையும், அம்மா ஈரத் தலைக்குக் காட்டும் சாம்பிராணிப் புகையையும் சொன்னேன்.

வித்வான் நோட்டைத் திறந்தார். "சாம்பிராணி. எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

சொன்னேன். அவர் வாசித்துக் காட்டியபோது உச்சரிப்பைத் திருத்தினேன். இரண்டு முறை. வேண்டுமென்றுதான்.

மறுநாள் ஓபன் துறையில் எல்லோரும் கட்டிப்பிடித்து விடைபெற்றோம். வித்வான் கடைசியாக வந்தார். முகம் தெளிந்திருந்தது. மூக்கு திறந்துவிட்டதாம். நினைவாக இருக்கட்டும் என்று கோடாலித் தைலப் புட்டியை அவர் கையில் வைத்தேன். மூடியைத் திறந்தார். இடது நாசி. வலது நாசி. கண்ணை மூடினார்.

"யூகலிப்டஸ், கற்பூரம், புதினா... முடிவு நீளமாகப் போகிறது, கண்ணில் நீர் வரும்வரை." கண்ணைத் துடைத்துக்கொண்டு, புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எத்தனை வருடம் பீப்பாயில் இருந்தது?"