எந்தப் படம், தம்பி?

எங்கள் மாடி போர்ஷன் தம்பியிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஊரே அதைத்தான் கேட்கிறது. புதுப் பாட்டை ஃபோனில் போட்டுக் காட்டுவான். கேட்கிறவர் தொடையில் தாளம்கூடப் போடுவார். முடிந்ததும், "நல்லா இருக்கேப்பா, எந்தப் படம்?" என்பார். "படம் இல்ல சார், வெறும் பாட்டுதான்" என்றதும் தாளம் போட்ட கை நின்றுவிடும். ஸ்கூல் அட்மிஷன் படிவத்தில் இனிஷியல் கட்டத்தைக் காலியாக விட்டவரை ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அவரைக் குறை சொல்ல முடியாது. 1931இல் 'காளிதாஸ்' வந்ததிலிருந்து நமக்குப் பாட்டு என்றால் அதற்கு ஒரு படம், படத்தில் ஒரு மரம், மரத்தைச் சுற்றி இரண்டு பேர். தம்பி விடமாட்டான். 'சுராங்கனி' பாடிய ஏ.ஈ. மனோகரன் படத்தை நம்பியா வந்தார்? 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி 'வல்லவன்' ஆல்பத்தோடு வரவில்லையா? 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' எந்தத் தியேட்டரில் ஓடியது? 2024இல் 'கட்சி சேர'? மூச்சு விடாமல் அடுக்குவான். "சரிப்பா, அந்தக் 'கட்சி சேர' பையன் இப்ப என்ன பண்றார்?" என்று ஒரு முறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "படத்துக்கு மியூசிக் போடறார்" என்று முனகிவிட்டு மாடி ஏறியவன் இரண்டு நாள் இறங்கவில்லை.

தம்பி ஒரு இண்டிபெண்டெண்ட் ஆர்ட்டிஸ்ட். ஐ.டி. வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, கிட்டார் வாசிப்பது, மிக்ஸ் செய்வது எல்லாம் அவனே. போஸ்டரில் ஒரே பெயர் ஆறு இடத்தில் வரும். ஆறாவது இடம் 'தயாரிப்பு'. நியாயமாகப் பார்த்தால் அங்கே அவன் அப்பாவின் பி.எஃப். கணக்கு எண்தான் வந்திருக்க வேண்டும்.

அவனுடைய ரெக்கார்டிங் தியேட்டரை நான் பார்த்திருக்கிறேன். அது அவன் அம்மாவின் சுவர் அலமாரி. இரண்டு கதவையும் திறந்து, மைக்கையும் தலையையும் புடவைகளுக்கு நடுவே விட்டு, முதுகைச் சோலாப்பூர் போர்வையால் மூடிக்கொண்டு நிற்பான். வெளியிலிருந்து பார்த்தால் ஆவி பிடிக்கிற மாதிரி இருக்கும். துணி எதிரொலியைத் தின்றுவிடுமாம். "பட்டு சரிப்படாதுண்ணா, வழவழன்னு திருப்பி அனுப்பிடும். சுங்குடிதான் பெஸ்ட்" என்றான். இந்த நுட்பம் தெரியாமல் அவன் அம்மா ஒரு நாள் சுங்குடிகளை மொத்தமாக ஊறப் போட்டுவிட்டார். அன்றைக்குப் பாடிய பாட்டில் ஒரு கிணற்றடித் தன்மை இருக்கிறது. அதைத் 'தனிமை' என்று ரசித்தவர்களும் உண்டு. அவன் குரலில் எல்லோரும் சிலாகிக்கிற அந்த லேசான கரகரப்புக்குக் காரணம் அந்துருண்டை என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

நங்கநல்லூரில் உட்கார்ந்து மென்மையான காதல் பாட்டு ரெக்கார்ட் செய்ய அசாத்திய மனதிடம் வேண்டும். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த விமானம் எத்தனை மணிக்குத் தலைக்கு மேலே போகும் என்பது விமான நிலையத்துக்காரர்களைவிட அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே காது வைத்துப் பார்த்து, "இது பதினோரு மணி ஃப்ளைட், இன்னிக்கு லேட்டு" என்பான். விமானம் போனால் எங்கள் வீட்டு மோட்டார். மோட்டாரை நிறுத்தினால் பழைய பேப்பர்காரரின் ஒலிபெருக்கி. குக்கர் விசிலுக்கு அவன் சமாதானமே ஆகிவிட்டான். ஒரு பாட்டில் மூன்றாவது விசில் சரியாகத் தாளத்தில் வந்து விழுந்ததால் அப்படியே விட்டுவிட்டான்.

ஆடி மாதம் மட்டும் கடையைச் சாத்திவிடுவான். தெருமுனை அம்மன் கோயிலில் விடியற்காலை நாலரைக்கே எல்.ஆர். ஈஸ்வரி ஆரம்பித்துவிடுவார். படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், போஸ்டர் இல்லாமல், இன்ஸ்டாகிராம் ரீல் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக மைக் செட்டில் ஓடுகிற பாட்டுகள். நாகூர் ஹனிபாவும் அப்படித்தான். தமிழில் ஜெயித்த இண்டிபெண்டெண்ட் மியூசிக்கே இதுதானே என்று தம்பியிடம் சொன்னேன். அவன் காதில் பஞ்சு வைத்திருந்ததால் கேட்கவில்லை.

அப்பாவோடு அவனுக்கு அவ்வப்போது சட்ட விவாதம் நடக்கும். மாடிப்படி வழியாக முழுசாக எங்களுக்கும் கேட்கும். "2012ல காப்புரிமைச் சட்டத்தையே திருத்திட்டாங்கப்பா. பாட்டு எழுதினவன், மெட்டுப் போட்டவனோட ராயல்டிய யாரும் மொத்தமா எழுதி வாங்கிட முடியாது. வாரிசுக்கு வேணா போகும்."

"எவ்வளவு வந்திருக்கு?"

"அது வேற விஷயம்பா."

"வாரிசு வரணும்னா அதுக்கு முதல்ல கல்யாணம் ஆகணுமேடா."

கல்யாணப் பேச்சிலும் அதே கேள்விதான். மாப்பிள்ளை பாட்டு எழுதிப் பாடுகிறார் என்று புரோக்கர் சொன்னதும் பெண் வீட்டார் முகம் மலர்ந்து, "எந்தப் படத்துக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். அதோடு சரி.

வருமானக் கணக்கை எனக்கும் விளக்கியிருக்கிறான். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடியாவது ஓடவிட்டால்தான் கேட்டதாகக் கணக்கு. 2024இலிருந்து இன்னொரு கொக்கி: பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்குக் காலணா கிடையாது. அதைத் தாண்டினாலும் பைசாக்களில்தான் பேச்சு. இது தெரிவதற்கு முன்னால் அவன் பாட்டுகள் நாற்பது விநாடி கிட்டாரோடு சாவகாசமாகத் தொடங்கும். இப்போது தொட்டதும் கத்துகின்றன. பாட்டு வெளியான வாரத்தில் வாட்ச்மேனிலிருந்து இஸ்திரிக்காரர் வரை எல்லோருக்கும் வேலை வைப்பான். "அண்ணா, முப்பதே செகண்ட். அப்புறம் நீங்க உங்க பாட்ட கேட்டுக்கங்க." இஸ்திரிக்காரர் நேர்மையானவர். வாய்விட்டு முப்பது எண்ணி முடித்ததும் நிறுத்திவிடுவார். ஒன்றிலிருந்து முப்பது வரை அந்தப் பாட்டு அவருக்கு மனப்பாடம், முடிவு தெரியாது.

இந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு அதிசயமும் இருக்கிறது. எந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்டுமாம். அதில் ஓஸ்லோ என்று ஒரு ஊர், அங்கே ஒரே ஒரு ஆள். யார் எவரென்று தெரியாது. உறவுக்காரர் இல்லை, விசாரித்தாகிவிட்டது. இப்போது அந்த ஆள் அவர்கள் வீட்டு மனிதராகிவிட்டார். "ஓஸ்லோ பிள்ளை இன்னிக்குக் கேட்டுதா?" என்று அம்மா கேட்பார், சாப்பிட்டதா என்று கேட்கிற குரலில்.

போன மாதம் பெசன்ட் நகரில் ஒரு காபி கடையில் அவன் கச்சேரி, நானும் போனேன். சாப்பாடும் பெட்ரோல் காசும் சன்மானம். பத்துப் பாட்டில் ஒன்பது இளையராஜா, ரஹ்மான். ஒன்று மட்டும் சொந்தம் என்பது கடைக்காரர் போட்ட நிபந்தனை. வழக்கமாக, "அடுத்தது என் சொந்தப் பாட்டு" என்று சொன்னதும் பாதிப் பேர் பில் கேட்பார்கள், மீதிப் பேர் கை கழுவப் போவார்கள். அன்றைக்கு அவனுக்கு என்ன தோன்றியதோ, மைக்கைத் தட்டி, "அடுத்தது, எண்பதுகள்ல எடுத்து ரிலீஸே ஆகாத ஒரு படத்தோட பாட்டு" என்றான்.

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் யாரோ கண்ணை மூடிக்கொண்டார்கள். முடிந்ததும் வந்த கைத்தட்டல், ரஹ்மானுக்கு வந்ததைவிட ஒரு பிடி கூடுதல். மூலை மேஜையிலிருந்து வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு பெரியவர் மெல்ல எழுந்து வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரிலீஸ் ஆகலைன்னு உனக்கு யார் சொன்னது? சாந்தி தியேட்டர்ல ரெண்டு வாரம் ஓடிச்சு. நானும் என் சம்சாரமும் பார்த்தோம். ஹீரோ மழையில ஸ்கூட்டரத் தள்ளிட்டே வருவான். அவ மாடியில நின்னு துண்ட நீட்டுவா. எட்டாது."

தம்பி என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன்.

"ஆமா சார், அந்தப் பாட்டுதான்" என்றான்.

திரும்பும்போது பைக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டே காலையில் கதவைத் தட்டினான். கையில் நோட்டுப் புத்தகம், அதில் மாடி, மழை, துண்டு எல்லாம் கட்டம் கட்டமாக வரைந்திருந்தது.

"அண்ணா, கீழ நிக்குதே உங்க பழைய பஜாஜ், அது ஒரு நாளைக்கு வேணும். வீடியோவுக்கு."

"அது ஓடி ஆறு வருஷம் ஆச்சேப்பா."

"ஓட வேணாம்ணா. தள்ளினாப் போதும்."