லிங்க் உத்தியோகஸ்தர்

கம்பெனிச் சிப்பந்திகளில் இன்னார் உள்ளே வரலாம், இன்னார் வாசலோடு நிற்க வேண்டும் என்று கிளவுடில் உட்கார்ந்து தீர்மானிக்கும் மென்பொருள்களும், அவற்றை ஆளும் விதத்தை விளக்கும் ஆயிரக்கணக்கான பக்கங்களும், அப்பக்கங்களில் நீல நிறத்தில் மின்னி வேறு பக்கத்துக்கு வழிகாட்டும் லிங்க்குகளும் இருப்பது பலரும் அறிந்த விஷயம். அந்த லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, திறக்கிறதா இல்லையா என்று குறித்துவைப்பதற்கென்றே ஒரு மனிதர் மாதச் சம்பளம் வாங்குகிறார் என்பதும், அவர் நம் காவிரிக் கரையில் ஒரு மாடியறையில் கைலி கட்டிக்கொண்டு வாசம் செய்கிறார் என்பதும் அவ்வளவாக வெளியே தெரியாது.

இந்த உத்தியோகத்துக்கு மாயவரத்துக்காரரைவிடத் தகுதியானவர் கிடைப்பது துர்லபம். பிறந்த வீட்டை விட்டு ஓர் அடிகூட நகராமல் மூன்று ஜில்லாக்களில் குடியிருந்தவர் அவர்: 1991 வரை தஞ்சாவூர், அப்புறம் நாகப்பட்டினம், 2020 டிசம்பர் முதல் மயிலாடுதுறை. ஊரின் பெயரும் இதற்கிடையில் மாறிவிட்டது. ரயிலடிப் பலகையில் மயிலாடுதுறை, ஊர்வாயில் இன்றைக்கும் மாயவரம். ஆகவே, மைக்ரோசாப்ட் கம்பெனியார் தங்கள் ஆவணங்களை 2022-இல் 'டாக்ஸ்' என்னும் விலாசத்திலிருந்து 'லேர்ன்' என்னும் விலாசத்துக்குக் குடிபெயர்த்து, அந்த மூச்சு அடங்குவதற்குள் 2023 ஜூலையில், வாசல் காக்கும் அந்த மென்பொருள்களில் ஒன்றான 'அஸூர் ஆக்டிவ் டைரக்டரி'க்கு 'என்ட்ரா ஐடி' என்று நாமகரணமும் செய்தபோது, கூட வேலை பார்ப்பவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும், "இதெல்லாம் எங்க ஊர்ல சகஜம்" என்று சொல்லிவிட்டுக் காரியத்தைத் தொடங்கினார். நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டதாகச் சொல்லிப் புது விலாசத்துக்கு அனுப்பிவைக்கும் 301 அவருக்கு மிகவும் பிரியமான எண். தற்காலிகம் என்று சொல்லும் 302-இல் நம்பிக்கை இல்லை. தற்காலிக பஸ் ஸ்டாண்டுகளை அவர் நிரம்பப் பார்த்திருக்கிறார்.

சந்தேகம் அவருடைய சுபாவம். 404 அவருக்கு விசனம் தராது. இல்லாததை இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறதே. அவர் பகைப்பது திறக்கிற லிங்க்கை. வெளியாளுக்கு விருந்தாளிக் கணக்கு கொடுக்கும் பக்கத்தைக் கேட்டால் கம்பெனியின் முகப்புப் பக்கம் வந்து பல்லிளிக்கும். சோதனை மென்பொருளோ 'சரியாக இருக்கிறது' என்று பொருள்படும் 200-ஐப் போட்டு நிம்மதியாக அடுத்ததற்குப் போய்விடும். பக்கத்தின் நடுவிலுள்ள தலைப்பொன்றை நேராகச் சுட்டும் லிங்க் இன்னும் பொல்லாதது: '#' குறிக்குப் பின்னுள்ள பகுதி சர்வருக்குப் போவதே இல்லை, பிரௌசரோடு நின்றுவிடுகிறது, எவரோ அந்தத் தலைப்பில் ஒரு சொல்லைத் திருத்தினால் பக்கம் ஒழுங்காகத் திறக்கும், வாசகர் மட்டும் உச்சியிலேயே நின்று விழிப்பார். ஜூன் 12-இல் மேட்டூர் அணையில் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள் என்ற பத்திரிகைச் செய்தியோடு திருப்தியடையாமல், கடைமடையில் தன் கால் நனைந்த பிறகே விதை மூட்டையை அவிழ்க்கும் விவசாயியின் பிடிவாதத்தோடு, இவரும் ஒவ்வொரு பக்கத்திலும் இறங்கிப் பார்க்கிறார். விலாசத்தின் நடுவே அமெரிக்க ஆங்கிலத்தைக் குறிக்கும் எழுத்துகள் தென்பட்டால் பிடுங்கி எறிவார்; அப்போதுதான் ஜெர்மானியருக்கு ஜெர்மன் பக்கம் கிடைக்குமாம்.

நல்ல விலாசம் மாறாது என்று வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவைத்தார். அவரிடம் இவருக்கு மரியாதை உண்டு. பக்தியெல்லாம் தஞ்சாவூர் சரஸ்வதி மஹால் நூலகத்திடம்தான். அங்குள்ள சமஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880-இல் பர்னல் துரை கொடுத்த எண்களை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துப் புதுப் பட்டியல் தயாரித்த பி. பி. எஸ். சாஸ்திரியார் தள்ளிவிடாமல் தம் பட்டியலிலும் குறித்தார். பழைய எண்ணோடு வருகிறவனும் சுவடியைக் கண்டுபிடித்துவிடலாம். இதைச் சொல்லும்போது நம்மவருக்குக் குரல் தழுதழுக்கும்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரத்தைப் பார்க்கமாட்டார்; மண்டபத்துக்கு வழிகாட்டும் கியூ ஆர் கட்டத்தைப் போனில் பிடிப்பார். அது ஒரு ரைஸ் மில்லில் கொண்டுபோய் நிறுத்தினால், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் பெண்ணின் தகப்பனாருக்குப் புகார் போகும்.

திண்ணையில் சாய்ந்திருந்த பெரியப்பா ஒரு நாள் கேட்டேவிட்டார்:

"ஏண்டா தம்பி, ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் அப்படி என்னதான்டா பாக்குற?"

"அமெரிக்காக்காரன் வீட்டுக் கதவெல்லாம் திறக்குதான்னு பாக்குறேன் பெரியப்பா."

"ஏன், அந்த வீட்டுல ஆளே இல்லையா?"

"இருக்காங்க. அவங்கதான் தினம் ஒரு கதவை எடுத்து வேற பக்கம் வைக்கிறாங்க."