வழுக்காத கல்

நான் சிறுவனாக இருந்தபோது அயனம்பாக்கத்தில் கல்லைப் பராமரிப்பது என்றால் அதைச் சொரசொரப்பாக்குவது. ‘அம்மி கொத்தலையா, ஆட்டுக்கல் கொத்தலையா’ என்று தெருமுனையில் குரல் கேட்டதும் பாட்டி திண்ணையில் இருந்தபடியே பேரத்தை ஆரம்பித்துவிடுவாள். வந்தவர் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, உளியைச் சாய்த்துப் பிடித்து, அம்மி முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளியாகக் கொத்திக்கொண்டே போவார். மிளகாய் அரைத்து அரைத்து வழவழப்பாகிப்போன கல்லில் எதுவும் அரைபடாது. குழவிக்கு அடியில் நழுவிக்கொண்டே இருக்கும். கொத்தி முடித்ததும் நொய்யையோ தவிட்டையோ போட்டு ஒருமுறை அரைத்து, கல்துகளோடு வழித்துக் கொட்டிய பிறகுதான் சமையலுக்குத் தொடுவார்கள்.

இன்று அதே ஊரில், ஏரியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இங்கே கல்லைப் பராமரிப்பது என்றால் முகம் தெரிகிற அளவுக்கு அதை வழவழப்பாக்குவது. கீழ்த்தள முகப்பில் மார்பிள், படிக்கட்டில் கறுப்பு கிரானைட், சமையல் மேடைகளிலும் கிரானைட். இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குடியிருப்போர் சங்கத்தில் என்னிடம் வந்து சேர்ந்தது. அதனால் கல்லைப் பற்றி நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்கக் கேட்க, பாட்டி வீட்டுக் கற்கள் ஏன் அத்தனை காலம் கெடாமல் இருந்தன என்பது விளங்கியது.

அந்த வீட்டு வாசற்படிக் கல் பல்லாவரம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தது என்பார் தாத்தா. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவின் தொடக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல்தான். தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அதை ஆராய்ந்து எழுதினார். சார்னாக்கின் பெயரே கல்லுக்கும் நிலைத்துவிட்டது. வங்காளத்து ஈரத்தில் முந்நூறு வருஷம் தாண்டியும் அதில் வெட்டிய எழுத்தைப் படிக்க முடிகிறது. எங்கள் வாசற்படிக்கு நாங்கள் செய்ததெல்லாம் காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கிக் கோலம் போட்டதுதான். நடுவில் கால்பட்டு லேசாகக் குழிந்திருந்ததே தவிர, மழையிலும் யாரும் அதில் வழுக்கி விழுந்ததில்லை.

உள்ளே அலமாரித் தட்டும் அடுப்பு மேடையும் கடப்பா கல். அது சுண்ணாம்புக்கல் வகை, புளித் தண்ணீர் சிந்தினால் வெளுத்துவிடும். பாட்டிக்கு ரசாயனம் தெரியாது. ஆனால் புளி கரைத்த சட்டியை மேடைமேல் வைக்க விடமாட்டாள். எலுமிச்சைச் சாறு தெறித்தால் உடனே ஈரத்துணியால் துடைப்பாள். எப்போதாவது ஒரு துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்ப்பாள், கறுப்பு திரும்பிவிடும். பிறகு அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போய்க் கூடத்துக்கு மொசைக் போட்டார். ‘மெஷின்காரர்’ வந்து கார்பரண்டம் கல்லை மாற்றி மாற்றித் தேய்க்க, பால் மாதிரி குழம்பு வாசல் வரை ஓடியது. கடைசியில் ஆக்ஸாலிக் பவுடர் போட்டு மெருகு கொடுத்தார்கள். அதோடு சரி. அந்தத் தரையைப் பிறகு துடைத்ததெல்லாம் வெறும் தண்ணீரால்தான்.

இப்போது எங்கள் முகப்பு மார்பிளைப் பார்க்க வந்த கிருஷ்ணகிரிக்காரர் தரையில் விரலை வைத்துத் தடவிவிட்டுச் சொன்னார்: “சார், இது தேஞ்ச கல்லு இல்ல, வெந்த கல்லு. ஆசிட் ஊத்தி ஊத்தி வேக வச்சிருக்காங்க.”

அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடினமானது. அது காய்ந்தால் வெள்ளையாக உப்புப் படியும். அந்தப் படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதைப் போக்கத்தான் கேன் கேனாக ஆசிட் வாங்கி ஊற்றுகிறார்கள். மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். கறை எது, கல் எது என்று ஆசிட்டுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே கரைக்கும். நுரைத்துக்கொண்டு வரும்போது அழுக்கு போகிறது என்று நினைக்கிறோம், போவது தரை. கிரானைட் அப்படிக் கரையாது. ஆனால் பலகைகளுக்கு இடையில் உள்ள சிமென்ட் கரையும், இரும்புச்சத்துள்ள கிரானைட்டாக இருந்தால் பழுப்புக் கறையும் எழும். ஒரு கட்டடத்துக் கல்லைக் கெடுப்பதில் காலடித் தேய்மானத்தைவிட ஆசிட் கேனுக்குத்தான் பங்கு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெந்த மார்பிளை மீட்க டைமண்ட் பேட் வைத்துத் தேய்க்க வேண்டும். 50-ல் தொடங்கி 100, 200, 400, 800, 1500, 3000 என்று போவார்கள். ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண் போட்ட கீறலை அதைவிட மெல்லிய கீறலால் அழிக்கிறது; கடைசியில் கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடுவதைத்தான் பளபளப்பு என்கிறோம். ‘கிறிஸ்டலைசேஷன்’ என்று இன்னொன்று உண்டு. ஃப்ளூவோசிலிக்கேட் கலந்த திரவத்தைத் தெளித்து இரும்பு நாரால் தேய்த்தால் மேற்பரப்பில் கால்சியம் ஃப்ளூரைடு படலம் உருவாகும். சீக்கிரம் மின்னும். நார்த் துணுக்கு ஈரத்தில் தங்கினால் துருக்கறை விழும்.

பளபளப்பை அடைந்த பிறகுதான் அடுத்த செலவு தொடங்குகிறது. மழை நாளில் மூன்றாம் மாடிப் பாட்டியம்மா எங்கள் கறுப்பு கிரானைட் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். எனக்கு இது ஆறவே இல்லை. அவர் விழுந்ததும் படிகளில் சொரசொரப்பு டேப் ஒட்டினார்கள், இரண்டு மழைக்குள் உரிந்துவிட்டது. கடைக்குப் போய் விசாரித்தால், வழுக்காத கிரானைட் தனி ரகமாம். ஒன்று ‘ஃபிளேம் ஃபினிஷ்’: கல்லின் மேல் நெருப்பை ஓட்டினால் அதிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரிந்து தெறித்து, மேற்பரப்பு கரடாகும். இன்னொன்று ‘புஷ் ஹாமர்’. பல் வைத்த சுத்தியலால் கல் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளியாகக் கொத்துவது. அந்தச் சாம்பிள் பலகையைக் கையில் வாங்கித் தடவியபோது என் விரலுக்கு அது பழகிய கல்லாக இருந்தது. வேப்பமரத்தடிக்காரர் உளியால் செய்ததும் இதுதான். முதலில் பணம் கொடுத்து வழவழப்பாக்கி, ஒருவர் எலும்பு முறிந்த பிறகு மறுபடி பணம் கொடுத்துக் கொத்தச் சொல்லும் இடத்தில் நிற்கிறோம்.

கோயில்களிலும் இந்த மோகம் புகுந்தது. தமிழ்நாட்டில் பல கோயில்களில் தூணிலும் சுவரிலும் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்புப் பூச்சையும் எடுக்க, மணலை அழுத்தக் காற்றோடு பீய்ச்சியடித்தார்கள். கல் புதிதுபோல் ஆனது, கல்வெட்டு எழுத்து மழுங்கியது. சிற்பத்தின் இமையும் நகமும் போயின. எதிர்ப்புக் கிளம்பித் தடையும் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் கோயில்களையும் பழஞ்சின்னங்களையும் காக்க 75 வழிகாட்டுதல்களைச் சொன்னது. எண்ணெய்ப் பிசுக்கை மெல்லிய நாரும் தண்ணீரும் பொறுமையும் வைத்து எடுக்கலாம். நாள் பிடிக்கும். ஆயிரம் வருஷம் நின்ற கல்லுக்கு இன்னும் சில வாரம் கொடுக்க மனம் வராததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கல்லைவிட எனக்குக் கவலை தருவது அதை வெட்டுகிறவர்களின் மூச்சு. சென்ற கோடையில் பக்கத்து வீட்டுக்குச் சமையல் மேடை மாற்றினார்கள். நடைபாதையிலேயே தண்ணீர் விடாமல் பிளேடை ஓட்டியதில் மாடி முழுக்க வெள்ளைப் புகை. வெட்டிய பையனுக்கு இருபது வயதிருக்கும், முகத்தில் கைக்குட்டை மட்டும். கிரானைட்டில் குவார்ட்ஸ் கணிசமாக உண்டு. இப்போது எல்லோரும் கேட்கும் செயற்கை ‘குவார்ட்ஸ்’ பலகையில் அது 90 சதவீதத்தையும் தாண்டும். அந்தத் தூசு நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். வந்தால் குணமாக்க மருந்து கிடையாது. ஆஸ்திரேலியா இந்தச் செயற்கைக் கல்லை 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டது. பிளேடின் மேல் ஒரு குழாய்த் தண்ணீர் விழுந்தால் தூசின் பெரும்பகுதி அடங்கும். அம்மி கொத்தியவரும் தூசு குடித்தவர்தான். அன்று அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, இன்று தெரிந்தும் விடுகிறோம்.

இந்த முறை சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் வைத்துப் பேசினேன். முகப்பு மார்பிளை 400-ஓடு நிறுத்தி, மின்னாமல் மிருதுவாக விடுவது. படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பட்டை அகலத்துக்குக் கொத்துவது. கட்டடத்துக்குள் கல் வெட்டினால் தண்ணீர் விட்டே வெட்டுவது. ஆசிட் வாங்குவதை நிறுத்துவது. “விருந்தாளி வந்தா முகப்பு மின்ன வேணாமா?” என்று ஒருவர் கேட்டார். மூன்றாம் மாடிப் பாட்டியம்மாவின் மகன் எழுந்து, “எங்கம்மா இறங்கி வர்ற மாதிரி இருந்தா போதும் சார்” என்றார். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை.

வேலை முடிந்த அன்று, தரை துடைக்கும் அக்காவுக்குச் சந்தேகம். “ஆசிட் இல்லாம உப்புக்கறை எப்டி சார் போவும்?” என்று என்னிடம் கேட்டார். பதில் சொன்னவர் கிருஷ்ணகிரிக்காரர்: “தண்ணி காயறதுக்கு முன்னாடி இழுத்துத் தள்ளிட்டா கறையே வராதுக்கா. சோப்பும் காரமில்லாததா பாத்து வாங்கிக்கோங்க.” அன்று மாலையே தளத்துக்கு ஒன்றாக வைப்பர் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.