நான் போடறேன், நீங்க ஜிபே பண்ணிடுங்க

பில் வைத்த அட்டை மேஜையைத் தொடும் முன்பே அவர் கை அதன் மேல் இருக்கும். நாம் பர்ஸை எடுப்பதுபோல் பாவனை செய்து முடிப்பதற்குள், “அட, உள்ள வைங்க சார். நான் கார்டு போடறேன், நீங்க எனக்கு ஜிபே பண்ணிடுங்க” என்பார். முதல் பாதியைக் கேட்டதும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களின் முகம் மலரும். இரண்டாம் பாதி போகப் போகப் பழகிவிடும்.

அதற்குப் பிறகுதான் அவர் சாப்பாடே ஆரம்பிக்கிறது என்று சொல்ல வேண்டும். கைபேசியில் கால்குலேட்டரைத் திறப்பார். “தயிர் சாதம் யாரு, மேடமா? மேடம் சூப் சொல்லல. ஆனா என் சூப்ல ரெண்டு ஸ்பூன் எடுத்தீங்க, பரவால்ல விடுங்க.” விட்டதாகச் சொல்வாரே தவிர, கணக்கில் அந்த இரண்டு ஸ்பூன் எங்கோ ஒளிந்திருக்கும். மத்திய ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம், மாநில ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம் இரண்டையும் கூட்டி ஐந்து என்று போட மாட்டார். தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொருவர் தலையிலும் வைப்பார். கடைசியில் நமக்கென்று ஒரு தொகை வரும். “347 ரூபா 80 காசு. 350-ஆ போட்டுடுங்க, ரவுண்டா இருக்கும்.” அந்த இரண்டு ரூபாய் இருபது காசு எந்தக் கணக்கில் போய்ச் சேருகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கணக்குச் சொல்வார் என்ற பயம்.

கார்டு மெஷினை எடுத்து வருகிற தம்பிக்கு அவரைக் கண்டாலே கலக்கம். 5,000 ரூபாய்க்குள் என்றால் பின் நம்பர்கூட வேண்டாம், தட்டினால் போதும். இவர் தட்ட மாட்டார். சொருகுவார். ஒரு கையால் மறைத்துக்கொண்டு நான்கு எண்களையும் நிதானமாக அழுத்துவார். தட்டினால் சீக்கிரம் முடிந்துவிடுகிறதாம். பிறகு ஒவ்வொருவரின் பணமும் வந்து விழும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டார். “வந்துடுச்சு... வந்துடுச்சு... கடைசி சீட்டுத் தம்பி, உங்களுது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கே, நெட் இல்லையா? என் ஹாட்ஸ்பாட் போட்டுக்கோங்க.” நம்மிடமிருந்து காசு வாங்க நமக்கே நெட் கொடுக்கிற மனசு வேறு யாருக்கு வரும்?

இவ்வளவும் எதற்கு? பாயின்ட்டுக்கு. ஒருமுறை அவர் போக்கிலேயே நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு ரூபாய்க்கு இரண்டு பாயின்ட், ஒரு பாயின்ட் இருபத்தைந்து காசு. பில் 4,600 ரூபாய் என்றால் 92 பாயின்ட், அதாவது 23 ரூபாய். முக்கால் மணி நேரம், பதின்மூன்று பேர், ஒரு பரிமாறுபவரின் பொறுமை, எல்லாம் சேர்த்து 23 ரூபாய். அதையும் சும்மா தர மாட்டார்கள். பாயின்ட்டைப் பொருளாக மாற்ற வங்கிக்கு 99 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இத்தனை வருடப் புண்ணியத்தில் அவர் வாங்கியது ஒரு டோஸ்டர். அவர் வீட்டில் காலையில் யாரும் ரொட்டி சாப்பிடுவதில்லை.

ஓட்டல் பில்லோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. “எது வாங்கறதா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஒருவர் வீட்டு வாஷிங் மெஷின், இன்னொருவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மூன்றாமவர் தங்கை கல்யாணத்துக்குத் தி.நகரில் எடுத்த நகை, எல்லாமே இவர் கார்டில்தான். வாஷிங் மெஷினுக்கு அந்தக் கார்டுக்கு 1,500 ரூபாய் உடனடித் தள்ளுபடி இருந்தது. வாங்கினவரிடம் இவர் கேட்டு வாங்கியது தள்ளுபடிக்கு முந்தைய விலை. இதில் எனக்கு நகைச்சுவை ஒன்றும் தெரியவில்லை. தள்ளுபடி துணி துவைக்கிறவருக்குத்தான் சேர வேண்டும். அப்போதே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

விமான நிலைய லவுஞ்சில் அவர் இட்லி சாப்பிடுகிற விதம், பெட்ரோல் பங்கில் சர்சார்ஜைப் பற்றி அவர் நடத்துகிற சொற்பொழிவு, இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. விட்டுவிடலாம்.

லிமிட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் சம்பளம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. லிமிட் எட்டு லட்சம் என்று வாட்ச்மேனுக்கும் தெரியும். வங்கி ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் இனிப்பு வாங்கி வருவார் (கார்டில்தான், ஆனால் இனிப்புக்கு மட்டும் ஜிபே கேட்டதில்லை). “எட்டு லட்சம் கைல இருக்கு” என்பார். கையில் இருப்பது கடன் வாங்குகிற உரிமை மட்டும்தான், பணம் இல்லை என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். “எட்டு லட்சம் கடன் கொடுக்க உங்களை நம்பறவங்க யாராவது இருக்காங்களா?” என்று திருப்பிக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். என் மாமனார் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. பேச்சை மாற்றிவிட்டேன்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குறுஞ்செய்தி வந்தது. ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று ஆரம்பித்து, இரண்டே வரியில் எட்டு லட்சத்தை ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆக்கிவிட்டு, நன்றியும் சொல்லியிருந்தது.

முதலில் நம்பவில்லை. “ஃப்ராடு மெசேஜ் சார் இது. இப்படித்தான் பயமுறுத்தி லிங்க் அனுப்புவானுங்க” என்று நான்கைந்து பேருக்கு ஃபார்வர்டு செய்து எச்சரித்தார். செயலியைத் திறந்து பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டால், தமிழுக்கு ஒன்றை அழுத்து, கார்டுக்கு மூன்றை அழுத்து என்று அழுத்தி அழுத்திக் கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. அவர் பதினைந்து நிமிடம் பேசினார். அது ஒரே ஒரு வாக்கியம் சொன்னது: “இன்டர்னல் பாலிசி சார்.” அதோடு நிற்காமல், “வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?” என்றது. அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஒரு வாரம் அலுவலக வேலை நின்றது. ரிசர்வ் வங்கியின் விதிகளை அச்செடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2022-இல் வந்த கிரெடிட் கார்டு விதிகளில் அவர் தேடியது கிடைத்தது, தலைகீழாக. லிமிட்டை உயர்த்த வேண்டுமானால் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். குறைப்பதற்குத் தகவல் சொன்னால் போதும். அதாவது அந்த இரண்டு வரிக் குறுஞ்செய்தியோடு வங்கியின் கடமை முடிந்தது. ஆம்புட்ஸ்மனிடம் போகிறேன் என்று கிளம்பினார். வங்கி பதில் சொல்ல 30 நாள் பொறுக்க வேண்டும், அதற்கப்புறமும் வங்கியின் வணிக முடிவு சம்பந்தப்பட்ட புகார்களை அங்கே எடுத்துக்கொள்வதில்லை என்று படித்ததும் மார்க்கரை மூடிவிட்டார்.

ஏன் குறைத்தார்கள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்களுக்கெல்லாம் தெரியும், சொல்லத்தான் தைரியமில்லை. வங்கியின் கம்ப்யூட்டருக்கு எங்கள் பதின்மூன்று பேரைத் தெரியாது. மாதச் சம்பளத்தைப்போல் பல மடங்கு செலவழிக்கிற ஒரு மனிதரைத்தான் அது பார்க்கிறது. ஒரே மாதத்தில் இரண்டு பள்ளிகளில் கட்டணம் கட்டுகிறார், வாஷிங் மெஷின் மேல் வாஷிங் மெஷினாக வாங்குகிறார், நகைக்கடையில் நான்கு லட்சத்துக்குக் கார்டைச் சொருகுகிறார். அவருக்கு இருப்பது ஒரே பெண், கல்லூரியில் படிக்கிறாள். போதாததற்குப் புதிது புதிதாகக் கார்டுக்கு விண்ணப்பம் போடுவார். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிந்து கிடக்கிறது. வங்கிகளுக்கும் வேறு கவலைகள். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கார்டு கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைத் தீர்மானிக்கிற இடர் எடையை 125 சதவீதத்திலிருந்து 150-க்கு ஏற்றியது. ஈடில்லாத கடன் என்றாலே அதன்பின் இரண்டு தடவை யோசிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. போன தீபாவளிக்கு இவர் கார்டில் டிவி வாங்கிய ஒருவர் ஜிபே பண்ண இரண்டு மாதம் மறந்துபோனார். (அந்த ஒருவர் நான் இல்லை.) இவர் வாயைத் திறந்து கேட்கவில்லை. 347 ரூபாய்க்கு ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்கிற ஆள், ஐம்பத்திரண்டாயிரத்துக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு மினிமம் டியூ மட்டும் கட்டிச் சமாளித்தார். மாதம் 3.75 சதவீதம் வட்டி, வருடத்துக்கு 45. அந்த வட்டியை இன்றுவரை யாரும் அவருக்கு ஜிபே பண்ணவில்லை. வங்கியின் கண்ணில் பட்டது அந்த இரண்டு மாதமாகத்தான் இருக்கும்.

இப்போது எப்படிச் சமாளிக்கிறார் என்கிறீர்களா? சிபில் ஸ்கோரைப் பார்ப்பதுதான் காலையில் முதல் வேலை. லிமிட் குறைந்ததால் அதுவும் ஆட்டம் கண்டுவிட்டது. நிலுவை 96,000 ரூபாய் இருந்தது. எட்டு லட்சத்தில் அது 12 சதவீதம், ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் 80 சதவீதம். முப்பதைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பார்கள். அவர் கூடுதலாக ஒரு காப்பிகூடக் குடிக்கவில்லை, ஒரே இரவில் கடனில் மூழ்கியவர் ஆகிவிட்டார். ஆனாலும் பழக்கத்தை விட்டாரா? இப்போதும் பில்லை அவர்தான் பிடுங்குகிறார். நாங்கள் ஜிபே பண்ணப் பண்ண, மாதக் கடைசிவரை காத்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து செயலி வழியாகக் கார்டுக்குக் கட்டிவிடுகிறார். “இருங்க, ஐஸ்க்ரீம் சொல்லாதீங்க. லிமிட் திரும்பட்டும்” என்கிறார். எல்லோரும் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு வங்கியின் சர்வருக்காகக் காத்திருக்கிறோம்.

சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் எங்கள் டிரைவரின் அம்மாவை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோன அன்று, ஒன்றரை லட்சம் முன்பணம் கட்டினால்தான் உள்ளே எடுப்போம் என்றார்கள். எங்கள் எல்லோர் கணக்கிலும் மாதக் கடைசி. இவர் லுங்கியோடு ஆட்டோவில் வந்து இறங்கிக் கார்டை நீட்டினார். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், “இந்தக் கார்டுக்கு ஏதாவது ஆஃபர் இருக்காம்மா?” என்று கேட்டதும் உண்மை, அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனதும் உண்மை. டிரைவர் மாதம் ஐயாயிரமாகத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு வட்டியும் கேட்கவில்லை, ரவுண்டும் செய்யவில்லை.

இன்றைக்கு அதே இரவு வந்தால் அந்தக் கார்டு உதவாது. லிமிட் போதாது. எனக்கு வங்கியின் மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அவர்கள் பணம், குறைக்கட்டும். உயர்த்துவதற்கு மட்டும் வாரம் மூன்று தடவை, சாப்பாட்டு நேரத்தில், “சார், ப்ரீ-அப்ரூவ்டு சார்” என்று கூப்பிட ஆள் இருக்கிறது. குறைக்கப் போகிறோம், இன்ன காரணம், ஒரு மாதத்துக்குள் உங்கள் ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு ஆள் கிடையாதா? குறுஞ்செய்தியைக் கவனிக்காத மனிதர் மருத்துவமனை கவுன்ட்டரில் நின்றுகொண்டா அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

நேற்று முதல் அவர் முகத்தில் பழைய தெளிவு. வேறொரு வங்கியில் புதுக் கார்டு கிடைத்துவிட்டதாம், லிமிட் நாற்பதாயிரம். “போகப் போக ஏத்துவாங்க” என்கிறார். அவர் சொல்லி வேறு யாராவது அந்தக் கார்டை வாங்கினால், ஆளுக்கு ஐந்நூறு பாயின்ட் இவருக்கு. அலுவலகம் முழுக்க லிங்க் பறந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கும் எப்படியாவது வந்து சேரும். தயவுசெய்து எனக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள், ஏற்கெனவே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள்.