பாஸ்புக்கில் விழும் ஜாதகம்

கேள்வி: மேடையில் பகுத்தறிவு பேசுகிறவன் நான். ரகசியமாக ஒரு ஜோதிட ஆப்புக்கு மாதம் 199 ரூபாய் கட்டி வருகிறேன். மனைவியோடு கூட்டுக் கணக்கு. ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பெயர் விழாமல் இருக்க வழி உண்டா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: கறுப்புச் சட்டைக்குள் கட்டம் போட்ட ஜாதகமா! பணம் வாங்குகிறவர் என்ன பெயர் பதிந்து வைத்திருக்கிறாரோ, வங்கி அதைத்தான் அச்சடிக்கும். ‘கொஞ்சம் மாத்திப் போடுங்க சார்’ என்று மேனேஜரிடம் கெஞ்சிப் பயனில்லை. ஐபோனாக இருந்து, ஆப்பிள் வழியாகச் சந்தா கட்டினால் ஆப்பிள் பெயர்தான் விழும். ராசி, லக்னம் வெளியே தெரியாது. ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் பிளே கிஃப்ட் கோடை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்புக் மூச்சு விடாது.

கார்டிலேயே விட்டுவைத்தால் ஆபத்து எஸ்.எம்.எஸ்.ஸில்தான். கணக்கில் இருப்பது யார் நம்பர்? 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, மாதச் சந்தாவை எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே, இன்னாருக்கு இவ்வளவு போகப்போகிறது என்று வங்கி தகவல் சொல்லியாக வேண்டும். நாள், தொகை பிசகாமல் தன விரயத்தை முன்கூட்டியே சொல்லும் ஜோசியர் வீட்டிலேயே இருக்கும்போது, எதற்கய்யா 199 ரூபாய்?