மலையேறி வந்த புயல்

கே: அமெரிக்காவின் ஆஷ்வில் நகரம் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஹரிகேன் என்ன செய்துவிடும்?

ப: காற்று வழியிலேயே களைத்துவிடும், மழை களைக்காது. 2024 செப்டம்பர் 26 இரவு ஃப்ளோரிடாவில் கரையேறிய ஹெலீன் புயல், சுமார் 600 கி.மீ. கடந்து மறுநாள் காலையில் வட கரோலினா மலைகளைப் பிடித்தது. கடலில் முகந்து வந்த ஈரக்காற்று மலையில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, அங்கேயே கொட்டியது. புயலுக்கு முன்பே பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்ததால் உறிஞ்ச இடமில்லை. பியூசிக் என்ற மலைச்சிற்றூரில் மூன்று நாளில் சுமார் 780 மி.மீ. மழை! சமவெளியில் இவ்வளவு தண்ணீர் பரவி நிற்கும். மலையில் அத்தனையும் பள்ளத்தாக்கில்தான் இறங்கியாக வேண்டும்.

கே: மலையூரில் எல்லோரும் மேட்டில்தானே இருப்பார்கள்?

ப: சமதளம் ஆற்றோரத்தில்தான் கிடைக்கும், கடைத்தெரு அங்கேதான் வளரும். ஆஷ்வில்லின் பில்ட்மோர் வில்லேஜ் அப்படித்தான் மூழ்கியது. மேட்டில் இருந்தவர்களை மண்சரிவு தேடி வந்தது.

கே: முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பில்லையா?

ப: நிச்சயம் உண்டு. 1916 ஜூலையில் அடுத்தடுத்து வந்த புயல் மழையில் ஆஷ்வில் வழியே ஓடும் ஃப்ரெஞ்ச் பிராட் ஆறு 23.1 அடிக்கு உயர்ந்தது. 2024இல் 24.67 அடி. இடையே 2004இல் ஃபிரான்சிஸ், ஐவன் என ஒரே மாதத்தில் இரண்டு புயல்கள். நாட்டின் காலநிலைப் பதிவுகளைக் காக்கும் தேசிய மையம் இருப்பதும் இதே ஊரில்தான். ஆனாலும் 'காலநிலைப் புகலிடம்' என்று பட்டம் கட்டினார்கள். என் கோபமெல்லாம் அந்தப் பட்டத்தின் மீதுதான். வெள்ளக் காப்பீடு மிகச் சிலரிடமே இருந்தது.

கே: வெள்ளம் வடிந்ததும் நிலைமை சீராகிவிட்டதா?

ப: 53 நாள் குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வரவில்லை. நீர்த்தேக்கம் சேறாகக் கலங்கியது. அங்கிருந்து வரும் பெருங்குழாய்களை வெள்ளம் பெயர்த்துவிட்டது.

கே: மலையில் வசிப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ப: புயலின் வகை எண்ணை நம்பி இருக்காதீர்கள்; அது காற்றின் வேகத்தை மட்டுமே சொல்லும். எவ்வளவு மழை வரும், மண் ஏற்கெனவே நனைந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஓடைக்கரையிலோ செங்குத்துச் சரிவின் அடியிலோ வீடு இருந்தால், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.