புத்தகக் கடையா? வேணாம்டா பேராண்டி!

ஏண்டா பேராண்டி, நல்லாத்தானே இருந்த? ஷூ கம்பெனியில சூப்பர்வைசர் வேலை, மாசம் பொறந்தா சம்பளம், பொண்ணு வீட்டுக்காரங்க வேற வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. இந்த நேரம் பாத்து ஆம்பூர்ல புத்தகக் கடை வெக்கறேன்னு கெளம்பிட்டியாமே. மாப்பிள்ளைக்கு இன்னா தொழில்னு கேட்டா, கதைப் புக்கு விக்கறாருன்னு எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?

நம்மூர்ல புத்தகக் கடை இல்லன்னு எவன் சொன்னான் உனக்கு? ஜூன் மாசத்துல கடைவீதிக்குப் போயிப் பாரு. நோட்டு, கைடு, பிரவுன் அட்டைன்னு ஜனம் அலை மோதும். பரீட்சை முடிஞ்ச மறுநாளே அத்தனையும் எடைக்குப் போயிரும். அதுக்கப்புறம் புக்கைத் தொட்டா தோஷம்.

கணக்குப் போட்டியா? நூறு ரூபா புக்குக்கு பதிப்பாளர் உனக்கு முப்பதோ முப்பத்தஞ்சோ கழிச்சுக் குடுப்பாரு. வாடகை, கரண்டு, பார்சல் கூலி எல்லாம் அதுக்குள்ளதான். வர்றவன் சும்மா இருப்பானா? "பத்துப் பர்சண்ட் கழிவு உண்டா?"ம்பான். பிரியாணிக் கடையில எவனாவது அப்பிடிக் கேட்டுப் பாத்திருக்கியா? இன்னொருத்தன் அரைமணி நேரம் நின்னு படிச்சுட்டு, அட்டைய செல்லுல படம் புடிச்சிக்கினு, உன் வாசப்படியிலயே நின்னு ஆன்லைன்ல ஆர்டர் போடுவான். செருப்புக்கு ஜி.எஸ்.டி. போட்ட கவருமெண்டு, அச்சடிச்ச புக்குக்கு வேணாம்னு விட்டுருச்சு. புக்கு விக்கறவன் தேற மாட்டான்னு டெல்லிக்கே தெரிஞ்சிருக்கு, உனக்குத் தெரியல.

நம்ம பக்கம் தோல்ல சம்பாதிச்சவங்க படிப்புக்கு செலவு பண்ணலன்னு சொல்லிடாத, நாக்கு அழுகிடும். 1924-ல ஓமராபாத்துல தாருஸ்ஸலாம் மதரசாவ ஆரம்பிச்ச காக்கா உமர் தோல் வியாபாரிதான். வாணியம்பாடி இஸ்லாமியா காலேஜ் 1919-லயே வந்துருச்சு. அங்க தமிழ் சொல்லிக் குடுத்தவருதான் அப்துல் ரகுமான். கஜலைத் தமிழுக்குக் கூட்டியாந்த மனுஷன். 1999-ல 'ஆலாபனை'க்கு சாகித்திய அகாதமி வாங்கினாரு. வாலாஜா பக்கத்து வேலத்துக்காரரு மு.வ., 1961-லயே வாங்கிட்டாரு. பேரணாம்பட்டு அழகிய பெரியவன் இன்னிக்கும் எழுதிக்கினு கீறாரு. ஆக, எழுத ஆளு கீது, பள்ளிக்கூடம் கீது, துட்டும் கீது. இவங்க புக்க வாங்கணும்னா மட்டும் மெட்ராசுக்கு ரயிலேறு, இல்ல வருஷத்துக்கு ஒருக்கா வர்ற புத்தகத் திருவிழாவுக்குக் காத்துக்கினு இரு. இன்னொரு கூத்தக் கேளு. 'தோல்'னே ஒரு நாவல், டி. செல்வராஜ் எழுதினது. 2012-ல சாகித்திய அகாதமி பரிசு. கதை எங்க நடக்குது? திண்டுக்கல்லு டேனரியில! தோலு உரிக்கிறது நாம, பேரு அவங்களுக்கு.

சரி, துட்டு போனாப் போவுதுன்னு தெறந்தேன்னே வெய்யி. அதுக்கு மேலதான் வெனையே. கோயமுத்தூர்ல வேலாயுதம் விஜயா பதிப்பகம்னு கடை வெச்சாரு. எழுதறவனும் படிக்கறவனும் அங்கயே பழியாக் கெடக்க ஆரம்பிச்சுட்டாங்க. திருவண்ணாமலை 1989 வரைக்கும் நம்ம வட ஆற்காடு ஜில்லாதானே? அங்க பவா செல்லதுரையும் ஷைலஜாவும் வம்சி புக்ஸ் நடத்தறாங்க. பவா கதை சொல்ல உக்காந்தா ஊரே வேலையப் போட்டுட்டுக் கேக்குது.

ஆம்பூருக்கு இதெல்லாம் தாங்குமா? உருது அலமாரி ஒருபக்கம், தமிழ் அலமாரி ஒருபக்கம்னு நீ வெச்சுத் தொலைப்ப. முதலாளி வூட்டுப் பொண்ணும், தோல் தொட்டியில எறங்கி வேலை செய்யறவன் புள்ளையும் ஒரே புக்குக்குக் கை நீட்டும். தெருவுக்குத் தெரு தனித்தனியா, மரியாதையா இருக்கற ஊரு இது. பாலாத்தத் தோல் கழிவு கெடுத்த கேசுல, கெடுத்தவன்தான் துட்டக் கட்டணும்னு 1996-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னுச்சு பாரு, அத எவனாவது தமிழ்ல சின்ன புக்காப் போட்டு உன் கடையில வெச்சான்னா அவ்ளோதான். படிச்சவன் வாய மூடிக்கினு இருப்பானா? டீக்கடை வரைக்கும் வந்துரும் பேச்சு. ஊரு அமைதி இன்னாத்துக்கு ஆவறது?

இவ்ளோ சொல்லியும் கேக்க மாட்ட. உங்கப்பன் ரத்தம். அப்ப இதையாவது கேளு. மெயின் பஜார்ல எடம் புடிக்காத, வாடகையே முழுங்கிடும். கம்பெனி விட்டு வர்ற பொம்பளைங்க பஸ்ஸுக்கு நிக்கற எடமாப் பாரு. கம்பெனி விட்ட பொறவும் ஒருமணி நேரம் கடை தெறந்திருக்கட்டும். முன்னால கைடும் நோட்டும் அடுக்கு, கதையும் கவிதையும் உள்ள வெய்யி. கைடு வித்த காசு கவிதைக்கு வாடகை கட்டும். உக்கார நாலு ஸ்டூலு போடு. நின்னு படிக்கறவன வெரட்டாத, இன்னிக்கு இல்லன்னாலும் சம்பளத் தேதிக்கு வருவான். கடன் மட்டும் குடுக்காத, உறமுறைன்னாலும் சரி.

முதல் போணிக்கு நானே வர்றேன். பத்துப் பர்சண்ட் கேப்பேன், குடுத்துத் தொலைக்காத.